நாலு வருசமாக விழாத விமானம்

மேனுகாவின் விமானம் மூன்றாவது தடவையாக மூக்குடைந்து மேசையில் கிடந்த கிழமையில்தான் கமலாசனி சின்னம்மா வவுனியாவிலிருந்து ஒரு சம்பந்தத்தோடு வந்து இறங்கினார்.

“பெடியனுக்கு அரசாங்க உத்தியோகம். குடியில்லை, சிகரட் இல்லை. ஒரேயொரு பழக்கம்தான் இருக்கு,” என்றவர், மேசையில் சிதறிக் கிடந்த ரெஜிபோம் நுரைத் துண்டுகளை விரலால் தள்ளிப் பார்த்தார். “உதே பழக்கம்தான்.”

“ரிமோட் விமானம் விடுறவரோ?”

“நாலு வருசமா விடுறானாம். ஆகாயத்தில குத்துக்கரணம் எல்லாம் அடிப்பானாம். தாய் சொல்லுறா, ஒருநாள்கூட உடைச்சதில்லையாம்.”

பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த சின்னராசா நிமிர்ந்தார். “அப்ப வரச் சொல்லு. ரெண்டு வீட்டில இருக்கிற விசரை ஒரு வீட்டுக்குள்ள அடைச்சா, மற்ற வீடாவது உருப்படும்.”

அப்பாவின் நக்கல் மேனுகாவுக்குப் பழகியது. ஆனால் நாலு வருசம் உடைக்காதவன் என்ற சொல் அவளுக்குள் போய் இருந்துகொண்டது.

தங்கள் ஊர் முரசுமோட்டையில் வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் வைத்திருந்தவள் அவள். முதல் போகத்தில், பொம்பிளைப் பிள்ளை தும்பி விட வந்திருக்கு என்று வரம்பில் நின்று சிரித்த கமக்காரர்கள், இப்போது ஒரு கிழமைக்கு முந்தியே போன் எடுத்து, “பிள்ளை, எங்கட வயலுக்கு எப்ப வாறாய்?” என்று குழைந்தார்கள். அவள் அவர்களை மன்னித்துவிடவில்லை. சிரித்தவர்களின் வயலுக்குக் கடைசியாகத்தான் போனாள். முதல் நாள் ட்ரோனின் இரைச்சலைக் கேட்டதும் சின்னராசா, “சண்டைக் காலத்து வேவு வண்டு மாதிரிக் கிடக்கு,” என்று சொல்லி வீட்டுக்குள் போய்விட்டார். பிறகு அவரும் பழகிக்கொண்டார்.

மேனுகாவுக்குத்தான் அந்த ட்ரோன் அலுத்துவிட்டது. ரிமோட்டின் குச்சியை விட்டுவிட்டால் அது கட்டையில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி ஆகாயத்தில் அப்படியே நிற்கும். வயலின் எல்லை வந்தால் தானே திரும்பும். அதை ஓட்டுவதென்றால், அது தானே ஓடுவதை வெயிலில் நின்று பார்ப்பது. ஆகவே குத்துக்கரணம் அடிக்கக்கூடிய ஒரு ரெஜிபோம் விமானத்தை எடுப்பித்தாள். பொலிசுக்கும் கிராம சேவையாளருக்கும் சொல்லிவிட்டு, அறுவடை முடிந்த தங்கள் வயலிலேயே பறக்கவிட்டாள். நேராகப் பறக்க அவளுக்கு வந்தது. தலைகீழாகப் பறக்கத்தான் வரவில்லை. நிமிர்ந்து பறக்கும்போது குச்சியை இழுத்தால் மூக்கு மேலே போகும். தலைகீழாகப் பறக்கும்போது இழுத்தால் மூக்கு நிலத்தைப் பார்க்கும், தள்ளவேண்டும். இது மேனுகாவுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய விரலுக்குத் தெரியாது.

சிமுலேற்றரில் பழகிவிட்டு வா என்று இணையத்தில் எல்லாரும் சொன்னார்கள். ஒருநாள் போனில் ஒன்றை ஏற்றிப் பார்த்தாள். அதில் விமானம் பழத்தில் மொய்க்கிற ஈ மாதிரிப் பறந்தது. அழித்துவிட்டாள். உடையப் பயந்தவர்கள் செய்கிற வேலை அது என்று முடிவுகட்டி, பசையை எடுத்து மூக்கை ஒட்டினாள்.

வவுனியாக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மதுசன் மெலிந்த, உயரமான ஆள். இஸ்திரி போட்ட சேட்டு, தோளில் ஒரு லப்டொப் பை. தாய் சிவனேஸ்வரி கதிரையின் விளிம்பில் இருந்து, சுவர், கூரை, அலுமாரி, மேனுகாவின் கால் நகம் என்று ஒரே பார்வையில் எல்லாவற்றையும் அளந்து முடித்தார். தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தைக் கோப்பையோடு தள்ளி வைத்தார்.

“எங்கட மகன் எதையும் பழுதாக்கமாட்டான்,” என்றார். “இந்த விமானமும் அப்பிடித்தான். நாலு வருசம். ஒரு கீறல் இல்லை.”

மேனுகா குசினி வாசலிலிருந்து முன்னுக்கு வந்து மதுசனுக்கு நேரே கதிரையில் இருந்தாள். “எப்பிடி ஒருக்காலும் விழாமல் விடுறீங்கள்?”

மதுசன் இந்தக் கேள்விக்காகவே வந்தவன் மாதிரி, ரோல்ஸ் பலகாரத் தட்டைத் தள்ளிவிட்டு லப்டொப்பைத் திறந்தான். பைக்குள்ளிருந்து ரிமோட்டை எடுத்து வயரால் பூட்டினான். மேனுகாவிடம் இருந்த ரகமேதான். திரையில் பனி மூடிய மலை வந்தது. மலைக்குக் கீழே நீல ஏரி. ஏரிக்கரையில் சிவப்பு விமானம் ஒன்று பளபளத்தது.

“இதுதான் இப்ப இருக்கிறதில திறம்,” என்றான். “புல்லு அசையிறதுகூடத் தெரியும். தண்ணியில நிழல் விழும். சிமுலேற்றர் எடுக்கிறதெண்டா முதல் பார்க்கவேண்டியது இதைத்தான். நீங்கள் எதில பழகிறனீங்கள்?”

“போனில ஒண்டு இருந்தது. அழிச்சிட்டன்.”

மதுசன் சிரித்தான். பெரிய சிரிப்பு இல்லை. மூக்கால் விட்ட ஒரு காற்று. மேனுகாவுக்கு அது போதுமாக இருந்தது.

அவன் சிவப்பு விமானத்தை எழுப்பினான். அது மலைக்கு நேரே போய், மூக்கை மேலே வைத்து, விசிறியிலேயே தொங்கிக்கொண்டு நின்றது. பிறகு சரிந்து, ஏரிக்கு மேலே மெல்ல உருண்டது. சின்னராசா வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்.

“இது ரோல்,” என்றான் மதுசன்.

“எடுங்கோ தம்பி, சூடாக் கிடக்கு,” என்று சின்னம்மா தட்டை நீட்டினார்.

“இல்லை அன்ரி, விமானம் போடுற ரோல்.”

“அதையும் போடுங்கோ, இதையும் எடுங்கோ.”

மேனுகா திரையை விட்டு அவனுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை நிதானமாக, பதறாமல் அசைந்தன. “உங்கட விமானமும் சிவப்போ?” என்று கேட்டாள்.

“எது?”

“நீங்கள் வெளியில விடுறது.”

மதுசன் குச்சியை அசைத்தான். திரையில் விமானம் இன்னொரு தடவை உருண்டது. “வெளியில விடுறதுக்கு இன்னும் வாங்கேல்லை. எது வாங்கிறதெண்டு பார்த்துக்கொண்டிருக்கிறன்.”

“நாலு வருசமாவோ?”

“வருசத்துக்கு வருசம் நல்லது நல்லதா வருது.”

மேனுகா சிரித்துவிட்டாள். அதை அடக்க அவள் ஒரு முயற்சியும் எடுக்கவில்லை. “அன்ரி, இப்ப விளங்குது. நானும் ஒருக்காலும் ஆறு பிள்ளையளை அடிச்சதில்லை. எனக்கு ஆறு பிள்ளையள் இல்லை.”

சிவனேஸ்வரிக்கு அந்தக் கதை முழுதாக விளங்கவில்லை. ஆனால் தன் பிள்ளையை ஒருத்தி கிண்டல் பண்ணுகிறாள் என்பது விளங்கியது. மதுசனின் முகம் சிவந்தது.

“நீங்கள் எத்தினை தரம் உடைச்சனீங்கள்?” என்றான்.

“மூண்டு.”

“மூண்டும் வேற வேற பிழையோ?”

மேனுகா விரலில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டினாள்.

“ஒரே பிழை. தலைகீழா நிக்கேக்க இழுத்திட்டீங்கள். என்ன? அதை மூண்டு தரம் செய்திருக்கிறீங்கள். நான் அதை நாலாயிரம் தரம் செய்து முடிச்சிட்டன். ஒரு ரெஜிபோம் துண்டும் வீணாகேல்லை.”

“நாலாயிரம் தரம் கதிரையில இருந்துதானே?”

“கதிரையில இருந்து படிச்சா விரலுக்குப் படியாதோ?”

“பின்ன வாங்கோவன்,” என்று மேனுகா எழும்பினாள். “வயல் பின்னாலதான் கிடக்கு. என்ர விமானம் இண்டைக்குக் காலமைதான் ஒட்டினது. பறக்கவிட்டுக் காட்டுங்கோ.”

“பிள்ளை!” என்றார் சின்னம்மா.

சின்னராசா மட்டும் சந்தோசமாகச் செருப்பைத் தேடினார்.

வயலில் அடிக்கட்டைகள் காய்ந்து நின்றன. வயலின் அந்தப் பக்கம் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வருகிற வாய்க்கால் ஓடியது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை விமானம் விடப்போகிறான் என்ற செய்தி எப்படித்தான் போனதோ, வரம்பில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ட்ரோனைப் பார்த்துச் சிரித்த அதே முகங்கள். சிவனேஸ்வரி குடையை விரித்துக்கொண்டு செருப்பில் முள் ஏறாமல் ஒரு ஓரமாக நின்றார்.

மதுசன் ரிமோட்டைக் கையில் எடுக்கமுன் உள்ளங்கையை இரண்டு தடவை காற்சட்டையில் துடைத்தான். மேனுகா அதைக் கண்டாள். கண்டு, அவனுக்கு ஒரு ஆறுதல் வார்த்தையும் சொல்லாமல், விமானத்தைத் தலைக்கு மேலே பிடித்து எறிந்தாள்.

அது முதலில் குடித்தவன் போலத் தள்ளாடியது. வரம்பில் ஒருவர் விசிலடித்தார். பிறகு தள்ளாட்டம் நின்றது. விமானம் உயர்ந்து, ஒரு பெரிய வட்டம் போட்டு, வயலுக்கு நடுவே திரும்பி வந்தது. வந்தபடியே மெல்ல உருண்டது. மேனுகா உருட்டினால் மூக்கு விழும்; விமானம் எண்ணெய்ச் செக்குப்போல இழுபடும். இது ஒரு கயிற்றில் கோத்தது மாதிரி நேரே உருண்டது. இன்னொன்று. அதற்குப் பிறகு விமானம் மல்லாந்தது. மல்லாந்தபடியே, அடிக்கட்டைக்கு ஒரு ஆள் உயரத்தில், வாய்க்கால் பக்கமாகப் போனது. வரம்பில் இருந்தவர்கள் பேச்சை விட்டார்கள். தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு நிச விமானத்தைத் தொட்டவன், அவளால் எட்டு மாதமாக முடியாததைச் செய்துகொண்டிருந்தான்.

வாய்க்கால் பக்கமிருந்து ஒரு காற்று வந்து இறக்கையைத் தூக்கியது. சின்னக் காற்றுத்தான். மேனுகா என்றால் குச்சியை ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்திருப்பாள். மதுசனுக்கு அந்த ஓட்டம் வடிவு கெட்டுப்போனது. சிமுலேற்றரில் வடிவு கெட்டால் அவன் அதோடு மினைக்கெடுவதில்லை. ரிமோட்டின் இடது மூலையில் இருக்கிற சுவிற்சைத் தட்டுவான், விமானம் மறைந்து காலடியில் புதிதாக வந்து நிற்கும். நாலு வருசப் பழக்கம். இப்போதும் விரல் தானாகப் போய் அதைத் தட்டியது.

மேனுகாவின் ரிமோட்டில் அது மோட்டரை நிறுத்துகிற சுவிற்ச்.

இரைச்சல் நின்றது. எல்லாருடைய கண்ணும் வாய்க்கால் பக்கம் போனது. மதுசனுடைய கண் மட்டும் போகவில்லை. அவன் குனிந்து தன் சப்பாத்துக்கு முன்னால் இருந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாய்க்கால் பக்கம் தொப்பென்று தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.

“வரேல்லை,” என்றான் மதுசன்.

“என்ன வரேல்லை?” என்று கேட்டாள் மேனுகா. கேட்டு முடிக்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள். நின்று சிரிக்க முடியாமல் வரம்பில் குந்தியிருந்து சிரித்தாள். வரம்பில் நின்றவர்களுக்கு அவள் விளக்கம் சொல்ல, அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சின்னராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

மதுசன் சிரிக்கவில்லை. காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, வாய்க்காலுக்குள் இறங்கி, உடைந்த இறக்கையையும் மூக்கையும் பொறுக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தான். “சுவிற்சை மாத்தி வைச்சிருந்தா விழுந்திராது,” என்று மட்டும் சொன்னான்.

“ஓம், சுவிற்சிலதான் பிழை,” என்றாள் மேனுகா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“போவம் தம்பி,” என்றார் சிவனேஸ்வரி. குடையை மடித்து, அதன் நுனியால் மேனுகாவைக் காட்டினார். “கலியாணத்துக்கு முதலே ஆம்பிளையைச் சந்தியில வைச்சுச் சிரிக்கிறவள், பிறகு என்னென்ன செய்வாள்? வேண்டாம்.”

கமலாசனி சின்னம்மா ஒரு மாதம் முரசுமோட்டைப் பக்கம் வரவில்லை.

அந்த மாதம் முழுதும் மேனுகா கதையைச் சொல்லித் திரிந்தாள். ஒவ்வொரு வயலிலும் அது கொஞ்சம் வளர்ந்தது. கடைசியில், மாப்பிள்ளை காலுக்கடியில் விமானத்தைத் தேடித் தவழ்ந்து திரிந்ததாக ஒரு கமக்காரர் அவளுக்கே சொன்னார். அவளும் திருத்தவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்து மேசையைப் பார்த்தால் அந்த ரோல்தான் ஞாபகம் வந்தது. ஆளைப் பகிடி பண்ணலாம். அந்த ரோலைப் பகிடி பண்ண முடியவில்லை. இறக்கை தண்ணீரில் ஊறி முறிந்துவிட்டதால் ஒட்டவும் வழியில்லை; புதிது சீனாவிலிருந்து வரவேண்டும். கையில் விமானம் இல்லாத நாட்களில் அவள், யாருக்கும் சொல்லாமல், ஒரு சிமுலேற்றரைத் தேடத் தொடங்கினாள்.

முதலில் அவன் காட்டிய பனிமலையையே ஏற்றினாள். அவளுடைய பழைய லப்டொப் அதைத் தூக்க மாட்டாமல் நெல்லுக் குத்துற மெசின் மாதிரி இரைந்தது. குச்சியைத் தட்டினால், தட்டி முடிந்த பிறகுதான் விமானம் யோசித்துத் திரும்பியது. புல் மட்டும் நன்றாக அசைந்தது. “புல்லு மேயவோ வந்தனான்?” என்று திரையைப் பார்த்துக் கேட்டுவிட்டு அழித்தாள். இரண்டாவது சிமுலேற்றர் அவளுடைய ரிமோட்டை ஏற்கமாட்டேன் என்றது; லப்டொப்பின் பொத்தான்களை அமத்தி ஓட்டச் சொன்னது. அதையும் அழித்தாள். மூன்றாவது எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. சந்தேகப்பட்டு, விமானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு குச்சியையும் விட்டுப் பார்த்தாள். அது விழாமல் நேரே போனது. மருந்தடிக்கிற ட்ரோனுக்கு இறக்கை பூட்டி அனுப்பியிருக்கிறார்கள். இந்த உலகத்தில் விழத் தெரிந்த சிமுலேற்றர் ஒன்றுகூட இல்லையா என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு, மதுசனுக்குப் போன் எடுத்தாள்.

“மேனுகா கதைக்கிறன்.”

“சிரிக்க ஏதும் மிச்சமிருக்கோ?” என்றான்.

“அது கிடக்கு. உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். அந்தப் பனிமலையில நீங்கள் ரோல் பழகேல்லை. அதில பழகினா அப்பிடி வராது. எதில பழகினனீங்கள்?”

மதுசன் ஒரு பெயரைச் சொன்னான். சும்மா கிடைக்கிற ஒன்று. பத்துப் பதினைந்து வருசம் பழையது. மரமெல்லாம் மட்டையில் வெட்டி நட்டது போல இருக்கும் என்றான். ஆகாயத்துக்கு ஒரே நிறம். ஆனால் எந்தப் பழைய லப்டொப்பிலும் ஓடும், விரலுக்கும் விமானத்துக்கும் இடையில் ஒரு இமைப் பொழுது தாமதம் இராது, விமானத்தின் பாரத்தையும் காற்றையும் வேண்டிய அளவுக்கு மாற்றி வைக்கலாம். “குச்சியை விட்டா விழும். சரியா எங்க விழவேணுமோ அங்க விழும்.”

“பின்ன ஏன் அண்டைக்கு அதைக் காட்டேல்லை?”

“பொம்பிளை பார்க்க வரேக்க நல்ல சேட்டுத்தானே போடுறது.”

மேனுகாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

“காத்தைக் கூட்டி வைச்சுப் பழகுங்கோ,” என்றான் மதுசன். “நான் காத்தில்லாமலே பழகினனான். அதுதான்...”

“அதுதான் வாய்க்காலுக்க போனது.”

“ஓம். மற்றது, அந்த சுவிற்ச். புது விமானம் எடுக்கிற பொத்தானை ரிமோட்டில வைக்கவேண்டாம்.”

“நான் ஒரு இடத்திலயும் வைக்கமாட்டன். விழுந்தா, எழும்பிக் கிணத்தடிவரை நடந்துபோட்டு வந்துதான் அடுத்தது. வயலில விழுந்தா நடந்துபோய்த்தானே எடுக்கவேணும்?”

“அப்ப நீர் நாள் முழுக்க நடக்கத்தான் போறீர்.”

அவன் ‘நீங்கள்’ என்பதை விட்டு, கொஞ்சம் நெருக்கமான ‘நீர்’ என்பதற்கு வந்ததை இரண்டு பேரும் கவனித்தார்கள்.

அவள் நடந்தாள். முதல் கிழமை லப்டொப்புக்கு முன்னால் இருந்ததைவிடக் கிணற்றடிக்கு நடந்ததுதான் அதிகம். சின்னராசா இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், “பிள்ளை, கிணத்துக்க ஏதும் விழுந்திட்டுதோ?” என்று கேட்டார். “விமானம்,” என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். அவர் போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நடை அலுப்பாக இருந்தது. அந்த அலுப்பிலேயே, விமானம் விழுவதற்கு முன் யோசிக்க விரல் பழகியது. ஒருநாள் மட்டை மரங்களுக்கு மேலே, முழுக் காற்றில், விமானம் மல்லாந்தபடி போய்க்கொண்டே இருந்தது. அவள் தள்ளிக்கொண்டிருந்தாள்; இழுக்கவில்லை. அதை யாருக்குச் சொல்வதென்று யோசித்து, மதுசனுக்குத்தான் சொன்னாள்.

“காத்து எவ்வளவு?” என்று மட்டும் கேட்டான். சொன்னாள். “ம். பரவாயில்லை,” என்றான். அந்தப் பரவாயில்லைக்காக அவனை அடிக்கவேண்டும் போலிருந்தது.

இப்படிக் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை கதை நடந்தது. ஒருநாள் அவள் நேரே கேட்டாள், “உண்மையாச் சொல்லும், ஏன் ஒரு விமானம் வாங்கேல்லை? இன்னும் நல்லது வரட்டும் எண்ட பேய்க்கதை வேண்டாம்.”

“வாங்கினா உடையும்.”

“உடைஞ்சா?”

“அவ்வளவுதான். நாலு வருசம் ஒண்டும் உடைக்காத ஆள் எண்டு எங்கட வீட்டில ஒரு பேர் இருக்கு.”

“நல்ல பேர். கல்லில வெட்டி முத்தத்தில நடும்,” என்றாள் மேனுகா.

ஆனி மாதம் அவன் ஒரு விமானம் வாங்கிவிட்டான். சனிக்கிழமை பஸ்ஸில், நீளமான பெட்டியை மடியில் குழந்தைபோல வைத்துக்கொண்டு வந்து முரசுமோட்டையில் இறங்கினான். அதற்குள் மேனுகாவின் இறக்கையும் வந்து சேர்ந்திருந்தது. வயலில் சிறுபோக நெல் நின்றபடியால், மாடு மேய்கிற தரவைக்குப் போனார்கள். சோளகக் காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

“அம்மா என்ன சொன்னவா?” என்று கேட்டாள்.

மதுசன் பெட்டியைத் திறப்பதில் கவனமாக இருந்தான். “இரணைமடுவில வேலை எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.”

“முப்பத்திரண்டு வயசு.”

“ஓம்.”

“மீசை வைச்சிருக்கிறீர்.”

“விடுமன்.”

அவனுடைய விமானம் மஞ்சள் நிறம். காற்று அதைப் பிடித்து உலுப்பியது. அவன் ரோல் ஒன்றும் போடவில்லை; நாலு வட்டம் போட்டான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவில். உதடு காய்ந்திருந்தது. இறக்கும்போது விமானம் இரண்டு தடவை குதித்து, மாட்டுச் சாணிக்குப் பக்கத்தில் ஒரு இறக்கை நுனி நசுங்கி நின்றது. மதுசன் ஓடிப்போய் அதைத் தூக்கினான். நசுங்கிய இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. அப்படி ஒரு சிரிப்பை மேனுகா அவனிடம் பார்த்ததில்லை.

மேனுகா தொப்பியை இழுத்துவிட்டாள். “இஞ்ச பாரும் மதுசன். இனி வாறதெண்டா உம்மட அம்மாட்டச் சொல்லிப்போட்டு வாரும். பொய் சொல்லிப்போட்டு வாறதெண்டா வரவேண்டாம். ஒளிச்சு விளையாட எனக்கு நேரமில்லை, மருந்தடி கிடக்கு.”

அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனான். அந்தக் கிழமை போன் வரவில்லை. அவளும் எடுக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டு, சனிக்கிழமைக்கு ஒரு வயலும் ஒப்புக்கொள்ளாமல் வைத்திருந்தாள்.

சனிக்கிழமை தரவைக்கு ஒரு ஓட்டோ வந்தது. மதுசன் பெட்டியோடு இறங்கினான். மற்றப் பக்கத்தால் குடை ஒன்று முதலில் வெளியே வந்து, அதன் பின்னால் சிவனேஸ்வரி இறங்கினார். புல், மாடு, சாணி, மேனுகாவின் தொப்பி எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்து முடித்தார்.

“இதுக்குத்தானோ இவன் எனக்குப் பொய் சொன்னவன்?” என்றார்.

“ஓம் அன்ரி. இதுக்குத்தான்,” என்றாள் மேனுகா.

மதுசன் மஞ்சள் விமானத்தை எழுப்பினான். தாய் பார்க்கிறா என்ற பதற்றத்தில் முதல் வட்டமே கோணலாகப் போனது.

“வீட்டில ஒரு பல்ப் மாத்தத் தெரியாது,” என்றார் சிவனேஸ்வரி அண்ணாந்து பார்த்தபடி. “கதிரையில ஏறினாத் தலை சுத்தும் எண்டுவான். இஞ்ச விமானம்.”

“காத்தைக் கண்டாலும் கொஞ்சம் தலை சுத்தும் அன்ரி.”

“சின்னனில பட்டம் விடக் குடுத்தா நூலைக் கையில சுத்திக்கொண்டு அழுவான்.”

“இப்ப நூல் இல்லாததால தப்பினான்.”

“ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாமல் இருங்கோவன்!” என்று மதுசன் ஆகாயத்தைப் பார்த்தபடி கத்தினான். அந்த எரிச்சலிலோ என்னவோ, குச்சியை வெட்டினான். மஞ்சள் விமானம் சோளகத்தைக் கிழித்துக்கொண்டு வந்து அவர்களுக்கு நேரே உருண்டது. காற்று இறக்கையைத் தூக்கியது. அவன் ஒரு தட்டுத் தட்டினான். விமானம் வடிவு கெட்டபடியே, கோணலாகவே, அந்த ரோலை முடித்துக்கொண்டு போனது.

சிவனேஸ்வரி குடையை மடித்து, ஒரு கல்லைத் தேடிப் போய் அதில் இருந்தார்.

“பிள்ளை, உதுகளை எங்க வைக்கப்போறியள்?” என்று கேட்டார். “எங்கட வீட்டில இடமில்லை. இப்பவே சொல்லிப்போட்டன்.”

“நான் ஏன் உங்கட வீட்டுக்கு வாறன்? என்ர தொழில் இஞ்ச.”

“அப்ப இவனை இஞ்ச வைச்சிரு. வேலைக்குப் பஸ்ஸில போய் வரட்டும். நாலு வருசமா ஒரு அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தவன். நான் அந்த அறைக்குள்ள ஒரு தையல் மெசின் வாங்கிப் போடலாம்.”

ஆவணியில் கலியாண எழுத்து முடிந்தது. மதுசன் ஒரு உடுப்புப் பையோடும், லப்டொப்போடும், நீளப் பெட்டியோடும் முரசுமோட்டைக்கு வந்து சேர்ந்தான். சின்னராசா பெட்டியைத் தூக்கிப் பாரம் பார்த்தார். மருமகனையும் ஒரு பார்வை பார்த்தார். “நான் ஒரு வீடாவது உருப்படும் எண்டனான்,” என்றார் கமலாசனியிடம். “அது வவுனியா வீடாப் போச்சு.”